இரவில் கழற்றி வைக்கவும்

ஜெல் தடவத் தொடங்கி இருபத்தோரு நாள் ஆகியும் கனகவல்லியின் மேல்வாய்ச் சிவப்பு இறங்கவில்லை.

ஜலஜா சிறு கண்ணாடியை வாய்க்குள் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள். இடது பக்கம் அண்ணம் இருந்தது. வலது பக்கம் ஓட்டை. ஓட்டையின் விளிம்பிலிருந்து மிச்சமிருந்த அண்ணம் முழுக்க, சூடு பட்ட தோல்போலச் சிவந்து மினுமினுத்தது. பஞ்சால் லேசாகத் தொட்டாலே ரத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் எடுத்த படத்துக்கும் இன்றைய படத்துக்கும் வித்தியாசம் இருக்கப்போவதில்லை என்று படம் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"எரியுதா ஆன்ட்டி?"

கனகவல்லி இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வாயில் பிளேட் இல்லாதபோது அவர் பேசும் விதம் அது. மூக்கை மூடாவிட்டால் ம, ந தவிர வேறு எந்த எழுத்தும் வாயில் நிற்காது. எல்லாம் ஓட்டை வழியே மூக்குக்கு ஏறிவிடும். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் சொல்லிக்கொடுத்த வித்தை.

"ரசம் சாப்பிட்டா எரியுது. மோர் சாப்பிட்டா எரியல. அப்போ ரசத்துக்குத்தான் ஏதோ வியாதி" என்றார்.

ஜலஜா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே களைத்துவிட்டது.

கனகவல்லிக்குப் போன வருஷம் மேல்தாடையில் கேன்சர். வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிளேட். ஈறு நிறத்தில் ஒரு தகடு, அதன் முதுகில் உள்ளே குடைந்த ஒரு குமிழ், முன்னால் நாலு பல். அதை மாட்டினால் பேச்சு தெளிவாக வரும், குடித்த காபி மூக்கில் வராது. ஹைதராபாத் பல் மருத்துவக் கல்லூரியின் இந்தப் பிரிவில் அதைத்தான் செய்தார்கள். அதோடு சிலிக்கானில் காது, மூக்கு, கண்ணும் கண்ணைச் சுற்றிய இமையும். உள்ளறையில் டெக்னீஷியன் சாய்கிருஷ்ணா ஒரு காதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டி நிறம் பார்த்துக்கொண்டிருப்பான். டியூப்லைட்டில் சரியாக இருக்கும் காது வெயிலில் வேறு யாருடைய காதோபோல ஆகிவிடும்.

பிளேட் போடுகிறவர்களுக்கு வாய் புண்ணாவது வழக்கம். மஞ்சளிலிருந்து எடுத்த ஒரு ஜெல் அதை ஆற்றுமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மஞ்சள் ஜெல், பாதிப் பேருக்கு அதே நிறமும் மணமும் உள்ள வெறும் ஜெல். யாருக்கு எது என்று கொடுக்கிறவளுக்கும் தெரியாது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த ஜலஜாவுக்கு மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் நாற்பது பேர் வேண்டும். ஆறு பேர் இன்னும் கிடைக்கவில்லை. அல்வாலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, நாள் முழுக்க அந்நியர்களின் வாயைப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வீட்டில் அம்மா பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

புரொஃபசர் பத்மப்ரியா வந்து குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றியபடி ஜலஜாவை வெராண்டாவுக்கு வரச்சொன்னார்.

"ஜெல் எதுவா இருந்தாலும் மூணு வாரத்துல கொஞ்சமாவது குறையணும். குறையலைன்னா இது பிளேட் உரசி வந்த புண்ணா, இல்ல பழையது திரும்பி வந்திருக்கான்னு பாக்கணும். பயாப்ஸிக்கு எழுதறேன்."

"சதை எடுத்தா அந்த இடம் ஆற எவ்வளவு நாளாகும் மேடம்?"

"ரேடியேஷன் வாங்கின வாய். சுலபத்துல ஆறாது. அதுக்காக எடுக்காம விட முடியுமா?" என்றார் புரொஃபசர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி கழற்றி வைக்கிறாங்கல்ல?"

"வைக்கிறேன்னுதான் சொல்றாங்க மேடம்."

அது உண்மை. ஒவ்வொரு முறையும் ஜலஜா கேட்டிருந்தாள், ஒவ்வொரு முறையும் கனகவல்லி தலையாட்டியிருந்தார். பிளேட்டோடு கொடுக்கும் துண்டுத் தாளிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் அதுதான் முதல் வரி. இரவில் கழற்றி வைக்கவும். வாய்க்கும் எட்டு மணி நேரம் ஓய்வு வேண்டும்.

வெளியே பெஞ்சில் கனகவல்லியின் கணவர் ஜகதீசன் மடியில் பையையும் குடையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மௌலா அலியில் ரயில்வே ஸ்டாஃப் காலனிக்காரர், ரிடையராகி நாலு வருஷம். ஜலஜாவைப் பார்த்ததும் எழுந்தார். யாரைப் பார்த்தாலும் எழுந்துவிடுவார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மேடம் வந்து சொல்வாங்க அங்கிள்." இப்படிப்பட்டதைச் சொல்ல ஜலஜாவுக்கு வாய் வராது.

"எதுவா இருந்தாலும் சரி. உங்க கை வேலை இருக்கே, பிரமாதம். நேத்து நம்ம பையன் தியாகு அமெரிக்காவுலேருந்து ஃபோன் பண்ணான். நடுராத்திரி ஒரு மணி. இவ பேசறா பேசறா, அப்படி ஒரு தெளிவு. சண்டைகூடப் போட்டா. நான் படுத்துக்கிட்டே கேக்கறேன், இவளுக்கு மேல்வாய் இல்லைங்கறதே எனக்கு மறந்துபோச்சு."

"சந்தோஷம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஜலஜா உள்ளே போனாள். கண்ணாடியைக் குழாயில் பிடித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று குழாயை மூடினாள்.

நடுராத்திரி ஒரு மணிக்குத் தெளிவாகப் பேசினார் என்றால், நடுராத்திரி ஒரு மணிக்குப் பிளேட் வாயில் இருந்திருக்கிறது.

கனகவல்லி நாற்காலியிலேயே இருந்தார். பிளேட்டை மாட்டிக்கொண்டு, கைக்கண்ணாடியில் பார்த்து உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜலஜா ஸ்டூலை இழுத்து அருகில் போட்டாள். யாரையும் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ராத்திரி பிளேட்டைக் கழட்டி வைக்கிறீங்கதானே?"

"வைக்கிறேனே."

"நேத்து?"

கனகவல்லி கைக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஒரு மணிக்கு உங்க பையன்கிட்டப் பேசினீங்கன்னு அங்கிள் சொன்னாரு."

"அந்த மனுஷனுக்கு வாய் முழுசா இருக்கு பாரு, அதான் பிரச்சினை" என்றார் கனகவல்லி.

உள்ளறையில் சாய்கிருஷ்ணாவின் தேய்ப்பு மெஷின் ஓடி நின்றது.

"தியாகுவுக்குத் தெரியாது" என்றார்.

"என்ன தெரியாது?"

"எதுவுமே. கேன்சர், ஆபரேஷன், கரண்டு வச்சது, எதுவுமே. பல்லு கட்டியிருக்கேன்னு சொல்லிவச்சிருக்கோம். பொய் இல்லையே, நாலு பல்லு இருக்கே இதுல. கம்ப்யூட்டர்ல முகம் காட்டச் சொல்வான். இவர் கேமரா ரிப்பேர்ங்கறார். பத்து மாசமா ரிப்பேர்லயே இருக்கு அந்தக் கேமரா."

"ஏன் ஆன்ட்டி?"

"உனக்குத் தெரியாததா? பேப்பர்ல தினம் போடறானே. அவன் டீம்ல பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இப்ப லீவு போட்டுக் கிளம்பினான்னா திரும்பிப் போக விசா முத்திரை குத்துவாங்களாங்கறதே சந்தேகம். தெரிஞ்சா அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பான். வந்து என்ன பண்ணுவான்? என் வாயைப் பாத்துட்டு உக்காந்திருப்பானா? அதுக்கு நீ இருக்கே."

"பகல்ல பேசலாம்ல?"

"அங்க ராத்திரியானா அவன் ஆபீஸ் ஃபோன்ல இருப்பான். யார்கூட? இங்க ஹைடெக் சிட்டியில இருக்கறவங்ககூட. தினம் ஹைதராபாத்தோடதான் பேசறான், என்னோட பேசத்தான் நேரம் இல்ல. அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒண்ணுதான் எனக்கு. அது இங்க நடுராத்திரி. தினமும் பண்ணமாட்டான். என்னிக்குப் பண்ணுவான்னும் தெரியாது."

"ரிங் வந்ததும் எடுத்து மாட்டிக்கிட்டா..."

"மாட்டினேனே. முதல் வாரம் அப்படித்தான். தூக்கத்துல கை நடுங்கிக் கீழ விட்டேன், ஒரு பல்லு ஒடிஞ்சுது. சோறு சாப்பிடும்போது கடிச்சுட்டேன்னு உங்ககிட்ட சொல்லி ஒட்டிக்கிட்டுப் போனேன். ஞாபகம் இல்ல?"

ஜலஜாவுக்கு ஞாபகம் இருந்தது. சாதத்தில் கல் இருந்ததா என்று கேட்டுக்கூட இருந்தாள். அதற்கும் கனகவல்லி தலையாட்டினார்.

முப்பத்து நாலு பேரையும் அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். கூட வந்தவர்கள் பக்கத்தில் நிற்க, கையில் பேனாவோடு, ஆமாம் என்ற பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்து. இல்லை என்று யார் சொல்வார்கள்? யார் யார் எதற்காக ராத்திரி முழுக்க வாயை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார்களோ. இதுவரை எடுத்த படங்களெல்லாம், இந்த வேலைக்கு வந்த ஏழு மாதமும், கையிலிருந்து தண்ணீராக வழிந்து போவதுபோல் இருந்தது. கோபம் வரவில்லை. கோபத்துக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

புரொஃபசரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப இவங்களை நம்ம கணக்குலேருந்து எடுத்துடு. ஆறினாலும் ஜெல்லால ஆறினதா, கழற்றி வச்சதால ஆறினதான்னு சொல்ல முடியாது. மத்தவங்களையும் திரும்பக் கேளு. தனியாக் கேளு."

"பயாப்ஸி மேடம்?"

"பத்து நாள் தரேன். ராத்திரி கண்டிப்பாக் கழற்றி வைக்கட்டும். அப்பவும் இப்படியே இருந்தா நான் காத்திருக்க மாட்டேன்."

கனகவல்லியிடம் ஜலஜா அதை அப்படியே சொன்னாள். திரும்பி வந்திருக்கலாம் என்ற சொல்லையும் விழுங்காமல் சொன்னாள்.

"பத்து நாள் அவன்கிட்டப் பேசாமலா?"

"அங்கிள் பேசட்டும்."

"அவர் பேச்சு ரெண்டு நிமிஷம். அங்க குளிரா, இங்க பால் விலை ஏறிடுச்சு. முடிஞ்சுது. நாலாவது நாள் அவனுக்குச் சந்தேகம் வந்துரும்." கனகவல்லி பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தார். "சரி. பத்து நாள். உனக்காகத்தான். இந்த ஊர்ல டாக்டர்கிட்ட வந்து நம்ம பாஷையில எரியுதுன்னு சொல்ல முடியுதே, அதுக்காக."

"நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி."

"அது எனக்குத் தெரியும். டாக்டரா இருந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருவாங்களா?"

அந்தப் பத்து நாளில் ஜலஜா மற்றவர்களைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்டாள். இந்த முறை வேறு மாதிரி. ராத்திரி தூங்கும்போது பிளேட் எங்கே இருக்கும் என்று கேட்டாள். உப்பலில் ஃபேக்டரி ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர், தூங்குவதே பகலில் என்றார். சமீபத்தில் கல்யாணமான ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, வாயிலேயே என்றாள். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் முப்பத்து நாலு இருபத்தொன்றாகியிருந்தது.

"ஹவ், நிஜம் கேட்டா இப்படித்தான்" என்றான் சாய்கிருஷ்ணா, ஒரு மூக்கின் ஓரத்துக்குத் தூரிகையால் சிவப்பு வைத்தபடி. உப்பலிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் ஹைதராபாத் உருதும் கலந்திருக்கும்; ஆமாம் என்பது ஹவ் ஆகும், எதற்கு என்பது கைக்கு ஆகும். "நீ கைக்கு கேக்கறே? பேசாம பழைய கணக்கையே கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுத்திருக்கலாம்" என்றாள் ஜலஜா.

பத்தாம் நாள் காலையிலேயே வரச்சொல்லியிருந்தாள். அந்த வாரம் மதியமானால் கரண்ட் போய்விடும். பிளேட்டின் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்ய மெஷின் ஓட வேண்டும். கனகவல்லி வந்தார். ஜகதீசன் அட்டை பதியும் வரிசையில் நின்றுவிட்டார்.

பிளேட்டை எடுத்து, கண்ணாடியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பினாள் ஜலஜா. பார்த்துவிட்டு விளக்கை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். சிவப்பு போயிருந்தது. விளிம்பில் மட்டும் நூலாக ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் பழைய வெளிர்நிறம். பஞ்சால் தொட்டாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

புரொஃபசர் வந்து பார்த்தார். "புண்தான். வேற ஒண்ணும் இல்ல. பயாப்ஸி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். சாய்கிருஷ்ணா ஓரம் தேய்ப்பதற்குப் பிளேட்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான்.

கனகவல்லி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். பிறகு மூக்கைப் பிடித்தார்.

"அப்ப இன்னிக்கு ராத்திரி மாட்டிக்கலாமா?"

ஜலஜா விளக்கை அணைத்தாள்.

"ஆறிடுச்சுன்னு மேடம் சொன்னாங்களே."

"மாட்டிட்டுப் படுத்தா திரும்ப வரும் ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் வந்தா, எது புண்ணு, எது அதுன்னு எங்களுக்கே தெரியாமப் போயிடும்."

"அப்ப எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே. தினமும் ராத்திரி கழட்டித்தான் வைக்கணும்."

கனகவல்லி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். கேட்க வேறு எதுவும் இல்லைபோல.

அப்போது பைக்குள் ஃபோன் அடித்தது.

எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. திரையில் தியாகுவின் பெயர். காலை பத்து மணிக்கு அவன் கூப்பிட்டதே இல்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்து ஓய்ந்தது. உடனே திரும்ப அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது ஃபோனை ஜலஜாவின் மடியில் வைத்து, பேசு என்று கையைக் காட்டினார்.

தெரியாதவர்களோடு ஃபோனில் பேசுவது ஜலஜாவுக்குப் பிடிக்காது. "ஹலோ" என்றாள்.

"யாருங்க? இது எங்கம்மா நம்பர்தானே?"

"ஆமாங்க. அம்மா பல் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. நான் இங்க வேலை செய்யறேன்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனாலும் அவள் காது சூடானது.

"அம்மாகிட்டக் கொடுங்க."

"இப்ப வாயில வேலை நடக்குது. பேச முடியாது."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு அவன் பேசியது, ஃபோனைத் தாண்டி நாற்காலிவரை கேட்டது.

"பத்து நாளா இதையேதான் சொல்றாங்க. ஒரு நாள் தூங்கறாங்கறார் அப்பா. ஒரு நாள் மாத்திரை போட்டிருக்காங்கறார். நேத்து கோவிலுக்குப் போயிருக்காங்கறார். நடுராத்திரி எந்தக் கோவில்ங்க திறந்திருக்கும்? நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். எங்கம்மா இருக்காங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

கனகவல்லி எழுந்து உட்கார்ந்து ஃபோனுக்குக் கையை நீட்டினார்.

ஜலஜா கொடுத்தாள்.

"நான் அம்மா" என்றார் கனகவல்லி.

மூக்கைப் பிடிக்கவில்லை. காற்று வழிந்த, பள்ளத்திலிருந்து வருவதுபோன்ற குரல். ஆனால் மூக்கிலேயே பிறக்கும் அந்த இரண்டு வார்த்தையும் சிதையாமல் வந்தன.

"அம்மா?" என்றான். "என்னம்மா இது? என்ன குரல் இது? அம்மா?"

கனகவல்லி ஏதோ சொன்னார். ஜலஜாவுக்கே அது புரியவில்லை. மெஷின் நின்றிருந்தது. சாய்கிருஷ்ணா கதவருகில் வந்தான். ஓரம் தேய்த்துக் கழுவிய பிளேட், ஈரம் சொட்ட, அவன் உள்ளங்கையில் இருந்தது. ஜலஜா எழுந்து அதை வாங்கி நீட்டினாள். மாட்டிக்கொள்ள அரை நிமிஷம் போதும். லைன் சரியில்லை, வாயில் பஞ்சு இருந்தது என்று சொல்லிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம்.

கனகவல்லி பிளேட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நானே சொல்லிவிடட்டுமா என்பதுபோல ஜலஜா ஃபோனுக்குக் கையைக் கொண்டுபோனாள். அதற்கும் தலையை ஆட்டினார். இடது கையில் ஃபோனை மாற்றிக்கொண்டு, வலது கை விரலால் மூக்கை இறுகப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தியாகு. எனக்கு வாயில கேன்சர் வந்துச்சுடா. போன வருஷம். மேல்வாய் பாதி இல்ல."